நாற்காலி மாற்றல்

நான் எழுதிய புரோகிராமால் என் சொந்த அக்காவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நாற்காலி இல்லாமல் போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது. தப்பு என்னுடையது, அவஸ்தை அக்காவுடையது. அதைச் சரிசெய்த கதையைக் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவின் ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. கீழே டயர் கடை. காலையில் அவர்கள் காற்றடிக்கும் சத்தம் தொடங்கினால்தான் எங்களுக்கும் வேலை தொடங்கியதாக அர்த்தம். நன்கொடையில் ஓடும் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நாங்கள் இணையச் செயலி செய்து கொடுத்திருந்தோம். பதினாறு நாற்காலிகள், காலை முறை, மதிய முறை. பாதிப் பேர் திங்கள், புதன், வெள்ளி வருவார்கள். மற்றவர்கள் செவ்வாய், வியாழன், சனி. ஒருவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க நான்கு மணி நேரம். அக்கா இரண்டாவது கூட்டம், காலை முறை.

அங்கே யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளியன்று முறை வருகிற நம்மவர்களின் நாற்காலியில் சீனர்களும் மலாய்க்காரர்களும் வந்து உட்காருவார்கள். நம்மவர்கள் அவர்களுடைய நாளில் போய்க்கொள்வார்கள். சீனப் புத்தாண்டில் இது திரும்பும், மலாய்க்காரர்களின் ஹரி ராயாப் பெருநாளில் இன்னொரு பக்கம் திரும்பும். திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா என்றாலும் இதே ஏற்பாடுதான். இதற்கு அங்கே 'மாத்தல்' என்று பெயர். மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய்க்கார அம்மா ஒருவர்கூட 'மாத்தல்' என்றுதான் சொல்வார். தலைமைத் தாதி, அதாவது பெரிய மிஸ்ஸி, இதையெல்லாம் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதியும் அழித்தும் பல வருடங்கள் சமாளித்து வந்தார். பிறகு நாங்கள் போய், எல்லாம் இனி ஃபோனிலேயே செய்துகொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்லி, பலகையைச் சுவரிலிருந்து இறக்க வைத்தோம்.

மாற்றல் செய்யும் பக்கத்தை நான் எழுதினேன். முதலில் மிஸ்ஸியின் கவுன்டருக்கு ஒரு பக்கம். பிறகு நோயாளிகளின் ஃபோனுக்கு ஒரு பக்கம். பிறகு அவர்களை ஏற்றிவரும் வேன் ஓட்டுநருக்கு ஒரு பக்கம். அவசரம் என்று, முதல் பக்கத்தில் டேட்டாபேஸோடு பேசும் வரிகளை அப்படியே எடுத்து மற்ற இரண்டிலும் ஒட்டினேன். ஒரே வேலைக்கு மூன்று பிரதிகள். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒட்டினேன்.

மாற்றல் என்பது மூன்று காரியம். அக்காவோடு மாற்றிக்கொள்பவர் முதல் கூட்டத்துச் சீன ஆன்ட்டி ஒருவர்; அவரை அக்காவின் சனிக்கிழமைக்குக் கொண்டுபோக வேண்டும். வேன் பட்டியலில் அக்காவை வெள்ளிக்கு மாற்ற வேண்டும். அக்காவை ஆன்ட்டியின் வெள்ளிக்கிழமை நாற்காலியில் போட வேண்டும். நடுவில் ஏதாவது நின்றுபோனால், எதுவுமே நடக்காதது போல் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடு என்று டேட்டாபேஸிடம் சொல்ல வழி இருக்கிறது. கவுன்டர் பக்கத்தில் ஒருமுறை கோளாறு வந்தபோது அதைச் சேர்த்துச் சரிசெய்திருந்தேன். ஃபோன் பக்கத்தில் சேர்க்க மறந்துவிட்டேன்.

அக்கா இருப்பது பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த பழைய ரப்பர் தோட்டத்தில். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, பாதி நிலத்தில் தாமான் என்கிற வீட்டுமனைக் குடியிருப்பும் எழும்பிவிட்டது. அரசாங்கக் கடிதத்தில் தாமானின் பெயர்தான் இருக்கும். ஆனால் அங்கே யாரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் பழைய தோட்டப் பிரிவின் பெயரைச் சொல்லி 'மூணாம் டிவிஷன்' என்றுதான் பதில் வரும். தோட்டமே இல்லை, டிவிஷன் மட்டும் இருக்கிறது. நான் ஃபோன் பக்கத்தில் வேன் நிற்கும் இடங்களுக்குத் தாமான்களின் பெயர்களை மட்டும் போட்டிருந்தேன். அக்காவின் பதிவிலோ 'மூணாம் டிவிஷன்' என்று இருந்தது. அதைப் பதிவு செய்து கொடுத்ததும் நான்தான், அக்கா சொல்லச் சொல்ல. மூணாம் டிவிஷனில் பிறந்த எனக்கே அது ஒரு பிழையாகத் தோன்றவில்லை.

அந்தப் பழைய தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா ஒரு சனிக்கிழமை. அக்கா தன் ஃபோனில் மாற்றல் போட்டாள். முதல் காரியம் நடந்தது, ஆன்ட்டி சனிக்குப் போனார். இரண்டாவது காரியத்தில் வேன் பட்டியல் 'மூணாம் டிவிஷன்' எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றுவிட்டது. மூன்றாவது நடக்கவே இல்லை, ஆனாலும் அக்காவின் ஃபோனில் மாற்றல் ஆனதாகவே காட்டியது. முடிவில் ஆன்ட்டிக்கு வெள்ளியும் சனியும், அக்காவுக்கு ஒன்றும் இல்லை. ஆன்ட்டியின் ஃபோனுக்கு வழக்கம்போல் வெள்ளிக்கிழமை நினைவூட்டல் போனது. ஏதோ மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவரும் நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்துவிட்டார். வேன் வராததால் அக்கா பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். அவள் நாற்காலியில் ஆன்ட்டி, ஆன்ட்டியின் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா எனக்கு ஃபோன் பண்ணினாள். "எனக்கு இன்னைக்கு நாற்காலி இல்லையாம்லா. நாளைக்கும் இல்லையாம். நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். அடுத்து அவளுக்கு இருந்தது செவ்வாய்க்கிழமை. வியாழனிலிருந்து செவ்வாய் வரை ஐந்து நாள். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்புக்கு ஐந்து நாள் என்றால் என்ன என்று நான்கு வருடமாக அக்காவோடு அலைந்த எனக்குத் தெரியாதா? உடனே நிலையத்துக்கு ஓடினேன். பெரிய மிஸ்ஸி மதிய முறை முடிந்த பிறகும் ஆட்களை நிறுத்தி வைத்து, ஒரு இயந்திரத்தைக் கழுவித் தயார் செய்து, அக்காவைச் சாயங்காலம் உட்கார வைத்தார். அதுவரை அக்கா பெஞ்சில். அவ்வளவு நேரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பும்போது அது என் வேலையில் வந்த பிழை என்று சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, இனி மாற்றல் வேண்டாம், பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

திங்களன்று பெரிய மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்த்த குடும்பம் அவருடையது. பேச்சில் அந்த வாடை இன்னும் இருக்கும், பெஞ்சை 'வாங்கு' என்பார். சத்தம் போடவே மாட்டார், அதுதான் பயம்.

"தீபாவளி வரைக்கும் பாப்பன், பிள்ளை. அண்டைக்கு ஒரு ஆள் வாங்கில காத்திருந்தாலும் பிறகு மாத்தல் எண்டதே இல்லை. தீபாவளியோ புத்தாண்டோ, அவரவர் நாளில அவரவர் வரட்டும்."

அந்த வருடம் தீபாவளி வியாழக்கிழமை. அக்காவின் நாள். டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தால் அன்று முழுக்க அவள் சுருண்டு படுத்துவிடுவாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகளுக்குக் கிடைப்பதோ அந்த ஒரு நாள் விடுமுறைதான். அக்காவைப் போல இன்னும் பலர். ஒட்டுப்போட்ட என் வரிகளால் அத்தனை பேரின் பண்டிகையும் போய்விடும் என்றால் நான் சும்மா இருப்பேனா? எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வந்த கோபம்தான், ஆனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது.

அதிகம் வாங்கிக்கொண்டவர் எங்கள் மூத்த புரோகிராமர் அண்ணன். கோலாலம்பூரில் வங்கி ஒன்றில் இருபது வருடம் டேட்டாபேஸ் பார்த்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பியவர். டேட்டாபேஸ் என்றால் அவருக்குக் கோயில் கருவறை மாதிரி, கண்டவர்கள் உள்ளே போகக் கூடாது. மாற்றலின் சட்டதிட்டம் முழுவதையும் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்துவிடு, பக்கங்கள் வெளியே நின்று கூப்பிட்டால் போதும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. மிஸ்ஸியின் விதிகள் மாதத்துக்கு ஒருமுறை மாறும். டேட்டாபேஸுக்குள் எழுதும் மொழி எங்கள் ஐந்து பேரில் அவருக்கு மட்டும்தான் சரளம். நாளை அவர் லூமுட்டில் மீன் பிடிக்கப் போய்விட்டால், அவர் தூண்டிலைப் போட்டுவிட்டுத் திரும்பும் வரை நோயாளிகள் காத்திருப்பார்களா? எல்லாமே செயலியின் பக்கம், ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்றேன் நான்.

கோப்பிக் கடையில் மூன்று நாள் சண்டை. கடைக்காரர் நாங்கள் சொத்துத் தகராறு பேசுவதாக நினைத்துவிட்டார். மூன்றாம் நாள் அண்ணன் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, உன் கோப்பு எவ்வளவு அழகா இருந்தாலும், நாளைக்கு எவனாவது அதைச் சுத்திப் போவான்லா. வேற யாரும் இல்ல, நீயே போவ."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் நிலையத்துக்குப் போய்ப் பெரிய மிஸ்ஸியிடம் மாற்றலின் விதிகள் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லி, ஒரு விதிக்கு ஒரு அட்டை என்று எழுதிக்கொண்டேன். இரண்டு முறைகளுக்கு நடுவில் நான்கு நாளுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் கிருமி உள்ளவர்களுக்குத் தனி நாற்காலி, அதை வேறு யாரோடும் மாற்றக் கூடாது. இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் மாற்றல் கிடையாது. இப்படியே போனது. கடைசியில் ஒவ்வொரு அட்டையையும் காட்டி அவரிடம் ஒரே கேள்வி கேட்டேன். இது எப்போதாவது மாறுமா?

மூன்று மாதம் இரண்டு மாதமாகலாம் என்றார். டாக்டர் சொன்னால் நாள் கணக்கு மாறும் என்றார். பெரும்பாலானவற்றுக்கு அப்படித்தான் பதில். இரண்டே இரண்டு அட்டைகளுக்கு மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு நாற்காலியில் ஒரு முறைக்கு ஒருவர்தான். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு நாற்காலிதான். இதெல்லாம் எப்படி மாறும் பிள்ளை, உலகம் தலைகீழானாலும் மாறாதே என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. உலகம் தலைகீழானாலும் மாறாதது டேட்டாபேஸுக்குள் போகட்டும், யார் எந்த வழியாக வந்தாலும் அதை மீற முடியாது. மிஸ்ஸியோ டாக்டரோ மாற்றக்கூடியதெல்லாம் செயலியில் ஒரே கோப்பில் இருக்கட்டும், எங்களில் யார் வேண்டுமானாலும் படித்து மாற்றலாம். பக்கங்களுக்கு டேட்டாபேஸோடு பேச்சுவார்த்தையே கிடையாது. அவை அந்தக் கோப்பிடம் கேட்கும், சொன்ன பதிலைக் காட்டும், அவ்வளவுதான். அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதி ஜெயித்தோம். ஆனால் இரண்டு பேருமே முழுசாக ஜெயித்த மாதிரிதான் நடந்துகொண்டோம்.

பிறகு நான் அழிக்கத் தொடங்கினேன். மூன்று பக்கங்களிலும் சிதறிக் கிடந்த வரிகளைத் தேடித் தேடிப் பிடித்தேன். அறிக்கைப் பக்கத்தில் ஒன்று ஒளிந்திருந்தது. நினைவூட்டல் அனுப்பும் இடத்தில் இரண்டு, அதில் ஒன்றில் தனி நாற்காலி விதியே இல்லை. ஒவ்வொன்றையும் அழிக்கும்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. புதிதாக எழுதியபோதுகூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி வந்ததில்லை. மூணாம் டிவிஷன், ஐந்தாம் டிவிஷன், பழைய ஆயாக் கொட்டகை மேடு என்று ஜனங்கள் வாயில் இருக்கும் பெயர்கள் அத்தனையும் வேன் பட்டியலில் ஏறின. ஓட்டுநரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். அரசாங்க வரைபடத்தில் இல்லாத பத்துப் பதினைந்து இடங்களை அவர் மூச்சு விடாமல் சொன்னார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாற்றல் திறப்பதாக மிஸ்ஸி அறிவித்தார். நான் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றடித்ததும் ஆளாளுக்கு ஃபோனைத் தட்டத் தொடங்கினார்கள். மகளுக்காக, பயந்துகொண்டே அக்காவும் வீட்டிலிருந்து மாற்றல் போட்டாள். மூன்றே காலுக்கு ஈப்போவின் வழக்கமான மழை பிடித்தது. இடி ஒன்று விழுந்தது, மின்சாரமும் இணைப்பும் போய்விட்டன. இயந்திரங்களுக்கு ஜெனரேட்டர் இருந்ததால் நோயாளிகளுக்கு ஒன்றும் இல்லை. என் கவலை வேறு. நடுவழியில் எத்தனை மாற்றல்கள் மாட்டியிருக்கும்?

இருபது நிமிடம் கழித்து இணைப்பு வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்திரண்டு மாற்றல்கள் முழுசாக நடந்திருந்தன. ஒன்று மட்டும் நடக்கவே இல்லை, அந்த இருவரும் அவரவர் பழைய இடத்தில் பத்திரமாக இருந்தார்கள். பாதியில் ஒன்றுகூட இல்லை. எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவும் செய்தேன். பக்கத்தில் இருந்த பக்சிக், மலாய்க்காரப் பெரியவர், ஏதோ கால்பந்து கோல் விழுந்துவிட்டது என்று நினைத்து அவரும் தட்டினார்.

அந்த ஒன்றைச் செய்துவைப்போம் என்று ஒரு துடிப்பு வந்தது. பக்கத்தைத் திறந்து மறுபடி போடச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. பழைய பழக்கத்தில் நேராக டேட்டாபேஸுக்குள் போய்க் கையாலேயே எழுதினேன். டேட்டாபேஸ் ஏற்கவில்லை. அந்த நாற்காலியில் அந்த முறைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று பதில். ஆறாம் எண் நாற்காலிக்குப் பதிலாக ஒன்பது என்று தட்டியிருந்தேன். அது யாருடைய நாற்காலி என்று பார்த்தால், அக்கா தீபாவளிக்கு முந்தைய நாளுக்கு வாங்கியிருந்த நாற்காலி.

பிறகு அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். கோப்பைச் சுற்றிப் போனேன், மாட்டிக்கொண்டேன், நீங்கள் சொன்னது சரி என்று சொன்னேன். இந்த மாதிரி வார்த்தை என் வாயிலிருந்து வருவது அபூர்வம். அவர் சிரிக்கக்கூட இல்லை, எந்த எண் நாற்காலி என்று கேட்டார். சொன்னேன். அது அக்காவுடையது என்றும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு, ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். பதினாறு நாற்காலிகள், பதினாறு பேர். அக்காவின் நாற்காலியில் சீன ஆன்ட்டி, கையில் குழாயோடு, இன்னொரு கையை ஆட்டி எனக்கு 'ஹேப்பி தீபாவளி' சொன்னார். பெஞ்சில் ஒருவரும் இல்லை. ஒரு நாற்காலியும் காலி இல்லை. நான் ஒரு முறை எண்ணினேன். நம்பிக்கை வராமல் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு முறை எண்ணினேன். பெரிய மிஸ்ஸி தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணினது போதும் பிள்ளை. நான் விடியவே எண்ணிப்போட்டன். போய் அக்காவைப் பாரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. முறுக்கு டப்பாவை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அக்கா வீட்டில் கூட்டம். ஆட்டுக்கறி வாசனை முற்றம் வரைக்கும் வந்தது. மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி, புடவை கட்டிவிடச் சொல்லி அம்மாவைப் படுத்திக்கொண்டிருந்தாள். சொந்தக்கார மாமா ஒருவர் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல், நீ அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் செய்கிறாய், ரிப்பேரா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக நான் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து, கையில் கரண்டியோடு, முந்திக்கொண்டாள்.

"ஒரு நாற்காலில ரெண்டு பேர உக்கார விடமாட்டா மாமா. ஒரு ஆளக்கூட பெஞ்சுல உக்கார விடமாட்டா. அதான் அவ வேல."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெரிய உத்தியோகம்தான் போலிருக்கிறது என்று தலையை ஆட்டினார். அக்கா அன்று யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. தோசை ஊற்றினாள், கறி பரிமாறினாள், வந்தவர்களை எல்லாம் வாசல் வரை போய் வழியனுப்பினாள். உட்காரச் சொன்ன மகளை அதட்டினாள். பொழுது சாயும் வரை ஒரு தடவைகூட அவள் படுக்கவில்லை.